வேதமும் வாளும்: சூரிக் முதல் பெர்ன் வரை ஒரு பயணக் குறிப்பு

முதல் நாள்: சூரிக்

சுவிட்சர்லாந்துக்கு வரும் நம் சபை மக்கள் பலர் ஜெனீவாவின் சீர்திருத்தச் சுவர் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு மலை பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்த வழித்தடம் வேறு. மனச்சாட்சிக்காகப் போப்பையே எதிர்த்து நின்றவர்கள், சில ஆண்டுகளுக்குள் அடுத்தவன் மனச்சாட்சிக்காக அவனை ஆற்றில் அமிழ்த்தும் இடத்துக்கு எப்படி வந்தார்கள்? அந்தக் கேள்வியோடு போகிற பயணம் இது. இந்த ஊர்களில் தேவாலயம், நகரசபை, சிறை எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பதால் நடந்து பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மத்திய ரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்து, லிம்மாட் ஆற்றின் வலக்கரையோடு கால்மணி நேரம் நடந்தால் க்ரோஸ்மியூன்ஸ்டரின் இரட்டைக் கோபுரம் வரும். சூரிக் சீர்திருத்தத்தின் தலைவர் உல்ரிச் சுவிங்லி 1519 ஜனவரி 1 அன்று இங்கே போதகராகப் பொறுப்பேற்றார். 187 படி ஏறிக் கோபுரத்தின் மேலே போக முடிந்தவர்கள் போய்விடுங்கள். இன்று பார்க்க வேண்டிய இடம் எல்லாம் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

தொடக்கம் நல்லபடியாகத்தான் இருந்தது. 1522 மார்ச்சில், இறைச்சி தின்னக் கூடாத லெந்து காலத்தில், அச்சகக்காரர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவரின் வீட்டில் புகையூட்டிய சாசேஜைத் துண்டுபோட்டுச் சிலர் சாப்பிட்டார்கள். சுவிங்லி உடனிருந்தார், தான் சாப்பிடவில்லை. ‘தின்பதும் தின்னாமல் இருப்பதும் விசுவாசியின் உரிமை, கட்டளை போட மனிதனுக்கு அதிகாரமில்லை’ என்ற பொருளில் பிரசங்கம் செய்து அச்சிட்டும் விட்டார். தனிமனித சுதந்தரத்துக்கு இதைவிடத் தெளிவான சாசனம் வேண்டியதில்லை.

சறுக்கியது அடுத்த ஆண்டு. கோபுரத்திலிருந்து இறங்கி ஆற்றோரம் வந்தால் ராட்ஹவுஸ், அதாவது நகரசபை மாளிகை. இப்போது நிற்பது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. இதற்கு முன் இதே இடத்தில் இருந்த பழைய மாளிகையில்தான் 1523-இல் இரண்டு பொது விவாதங்கள் நடந்தன. அக்டோபரில் நடந்த இரண்டாம் விவாதத்தில், திருப்பலியும் சிலைகளும் வேதத்துக்கு ஒத்தவை அல்ல என்று ஏறக்குறைய எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சரி, எப்போது நிறுத்துவது? ‘அதை நகரசபையார் முடிவு செய்யட்டும்’ என்றார் சுவிங்லி. சிமோன் ஷ்டும்ப் என்ற கிராமப் போதகர் உடனே எழுந்து, அந்த முடிவை அவர்கள் கையில் கொடுக்க உமக்கு அதிகாரம் இல்லை, தேவ ஆவியானவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று மறுத்தார்.

என் பார்வையில் முழுக் கதையின் அச்சாணி இந்த ஒரு நிமிடம். சுவிங்லி பதவிக்கு அலைந்தவர் அல்லர். ஒரு பக்கம் கான்ஸ்டன்ஸ் ஆயர், இன்னொரு பக்கம் கத்தோலிக்க அண்டை மாநிலங்கள். நகரசபை கைவிட்டால் சீர்திருத்தம் ஒரு மாதம் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். பாதுகாப்புத் தேவைப்பட்டது, கேட்டார், கிடைத்தது. ஆனால் காவல் கொடுக்கிறவன் சாவியையும் கேட்பான்.

சாவி எது என்பது 1525 ஜனவரியில் தெரிந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு எட்டு நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று நகரசபை உத்தரவிட்டது. ஜனவரி 21 இரவு, க்ரோஸ்மியூன்ஸ்டருக்குப் பக்கத்துத் தெருவில் ஃபீலிக்ஸ் மான்ஸின் தாயார் வீட்டில் கூடியவர்கள், அறிந்து விசுவாசிப்பவனுக்கே ஞானஸ்நானம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இதில் அரசுக்கு என்ன வந்தது என்று இன்று தோன்றும். அந்தக் காலத்தில் ஊரில் பிறந்தவன் எல்லாம் சபையான், சபையான் எல்லாம் குடிமகன். அடுத்த ஆண்டு சூரிக் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது; யார் வீட்டுக் குழந்தை விடுபட்டது என்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். சபையில் சேர்வதை ஒருவன் தானே தீர்மானிக்கலாம் என்றால் அந்தக் கணக்கே குலையும். அதனால்தான் 1526 மார்ச்சில் மறுஞானஸ்நானம் கொடுப்பவருக்கு நீரில் மூழ்கடிக்கும் தண்டனை என்று சட்டம் வந்தது.

ராட்ஹவுஸ் பாலத்தைத் தாண்டி இடக்கரையில் ஷிப்ஃபே என்ற ஆற்றோரச் சந்துக்கு வாருங்கள். கரைச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தண்ணீரைப் பார்த்தபடியே நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். 1527 ஜனவரி 5 அன்று மான்ஸை எதிரேயுள்ள ஆற்றின் நடுவிலிருந்த மீனவர் மேடைக்குப் படகில் கொண்டுபோனார்கள். கைகளைக் கட்டி, முழங்காலுக்குக் கீழே இறக்கி, முழங்காலுக்கும் கைகளுக்கும் நடுவே ஒரு கழியைச் செருகி, அப்படியே தண்ணீரில் தள்ளினார்கள். இப்படிக் கட்டினால் நீந்தத் தெரிந்தவனும் உடலை நிமிர்த்த முடியாது. கரையில் நின்று தாயாரும் சகோதரனும் உறுதியாய் இரு என்று குரல் கொடுத்தார்கள். மான்ஸ் எபிரெயம் கற்றவர், சுவிங்லியோடு உட்கார்ந்து வேதம் படித்தவர். 1532 வரை இன்னும் ஐந்து பேர் இதே இடத்தில் மூழ்கடிக்கப்பட்டதையும், கடைசியாக 1614-இல் ஹான்ஸ் லாண்டிஸ் கொல்லப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. அதை வைத்தது 2004-இல். சூரிக்கின் சீர்திருத்தச் சபை அப்போது வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

திரும்பும் வழியில் வாஸர்கிர்ஹே தேவாலயத்தின் ஓரம் சுவிங்லி சிலை, 1885-இல் வைத்தது. கையில் வேதப்புத்தகம், கூடவே வாள்.

இரண்டாம் நாள்: காப்பெல்

சூரிக்கிலிருந்து பார் வரை ரயில், அங்கிருந்து பஸ். வார இறுதியில் பஸ் குறைவு என்பதால் திரும்பி வரும் நேரத்தைச் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காப்பெல் ஆம் ஆல்பிஸ் ஒரு சின்ன கிராமம். பழைய சிஸ்டர்சியன் துறவிகளின் மடம் இப்போது சூரிக் சீர்திருத்தச் சபையின் தங்கும் விடுதி. மடத்திலிருந்து வயல் நடுவே நடந்து போனால் சுவிங்லி கல். 1531 அக்டோபர் 11 அன்று சுவிங்லி இந்த வயலில் விழுந்தார்.

கல்லைப் பார்க்கும் முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்து கத்தோலிக்க மாநிலங்களும் தங்கள் ஊர்களில் சுவிசேஷப் பிரசங்கத்தை அனுமதிக்க வேண்டும் என்பது சூரிக்கின் கோரிக்கை. அதற்காக அந்த ஆண்டு மே மாதம் அவர்களுக்குப் போகும் தானியத்தையும் உப்பையும் தடுத்தார்கள். மலைநாட்டில் உப்பு இல்லாமல் மாடு வளர்க்க முடியாது, பாலாடைக்கட்டி செய்யவும் முடியாது. இந்தத் தடை கூட்டாளி நகரமான பெர்னின் யோசனை. சுவிங்லிக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் விரும்பியது நேரடியான, விரைவான போர். இரண்டில் எது மேல் என்று கேட்பதே வேதனை: சுவிசேஷத்தைக் கேட்கவைக்கப் பட்டினி போடுவதா, படை அனுப்புவதா?

பசித்தவர்கள் முந்திக்கொண்டார்கள். சூரிக் படை அரைகுறையாகத் திரண்டு ஓடிவந்து சில மணி நேரத்தில் உடைந்தது. ஏறக்குறைய 500 பேர் இறந்தார்கள். அவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் போதகர்கள். சுவிங்லியின் உடலை நான்காக வெட்டி எரித்தார்கள்.

பயணக் கையேடுகள் இத்தோடு முடித்துக்கொள்ளும். எனக்கு முக்கியம் அடுத்த மாதம் நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த சூரிக் ஏரிக்கரை கிராமத்தார் மைலன் என்ற ஊரில் கூடி நகரசபைக்குக் கோரிக்கை எழுதினார்கள்: எங்களைக் கேட்காமல் போர் தொடங்கக் கூடாது, போதகர்கள் உலக விவகாரத்தில் தலையிடக் கூடாது. நகரசபை ஏற்றது. சுவிங்லியின் இடத்துக்கு வந்த ஹைன்ரிஹ் புல்லிங்கருக்கு வயது 27. முன்பு இதே காப்பெல் மடத்தில் ஆசிரியராக இருந்தவர். அரசியலில் தலையிடமாட்டேன் என்று சொன்னால்தான் வேலை. அவர் சில நாள் யோசித்துவிட்டு, ஆட்சியில் பங்கு வேண்டாம், ஆனால் வேதம் எதைக் கண்டிக்கிறதோ அதைப் பிரசங்க மேடையில் தடையில்லாமல் சொல்லும் உரிமை வேண்டும் என்று பதில் கொடுத்தார். நகரசபை அதற்கும் சம்மதித்தது. பதவியில் பங்கு இல்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை. சபைக்கும் அரசுக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்று கேட்பவர்களுக்கு அந்த டிசம்பர் மாத உடன்பாடு இன்றும் நல்ல தொடக்கம். அதே புல்லிங்கர் காலத்திலும் அனபாப்டிஸ்டுகள் (மான்ஸைப் போல, அறிந்து விசுவாசிப்பவனுக்கே ஞானஸ்நானம் என்றவர்கள்) மேலான வழக்குகள் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள்: ஜெனீவா, பழைய நகரம்

சூரிக்கிலிருந்து நேர் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் ஜெனீவா. கோர்னவான் நிலையத்திலிருந்து ரோன் ஆற்றைக் கடந்து மேடேறினால் பழைய நகரம். செயின்ட் பியேர் பேராலயம், பக்கத்தில் ஜெனீவா சீர்திருத்தத்தின் தலைவர் கால்வின் பாடம் நடத்திய ஒதித்துவார் என்ற கூடம், அதை ஒட்டிச் சீர்திருத்த அருங்காட்சியகம், இரண்டு தெரு தள்ளி நகரசபை. அரைநாள் போதும், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கூழாங்கல் பாவிய ஏற்றம் சிரமம்.

ஜான் கால்வின் இந்த நகரத்தில் எந்த அரசுப் பதவியும் வகித்ததில்லை. 1559 டிசம்பர் வரை அவர் ஜெனீவாவின் குடியுரிமைகூடப் பெறவில்லை. பிரெஞ்சு அகதி, சம்பளத்துக்குப் பிரசங்கம் செய்தவர். அப்படியானால் அதிகாரம் எங்கிருந்து வந்தது? அமைப்பிலிருந்து. 1541 நவம்பரில் நிறைவேறிய சபைச் சட்டத்தில் கொன்ஸிஸ்துவார் என்ற மன்றம் உருவானது. ஊர்ப் போதகர்களும் பன்னிரண்டு மூப்பர்களும் அதில் உட்கார்ந்தார்கள். அந்த மூப்பர்களைச் சபை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சிறிய சபையிலிருந்து 2 பேர், அறுபதின்மர் சபையிலிருந்து 4 பேர், இருநூற்றுவர் சபையிலிருந்து 6 பேர் என்று மூன்று நகரசபைகளின் உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் நகரத்தின் நான்கு தலைவர்களில் ஒருவர். வியாழன்தோறும் கூட்டம்.

வேலை நடந்த விதம்: ஒருவர் பிரசங்கத்துக்கு வரவில்லை, பழைய மாதா ஜெபத்தைச் சொல்கிறார், மனைவியோடு சண்டை, ஆட்டம் ஆடினார் என்று அந்தப் பகுதி மூப்பர் தகவல் கொடுப்பார். அழைப்பு வரும். பெரும்பாலானவர்களுக்குக் கண்டிப்போடு சரி. கணவன் மனைவியைச் சமாதானப்படுத்தியதும், வேலைக்காரப் பெண்களை ஏமாற்றிய எசமானர்களை வரவழைத்துக் கேட்டதும் இந்த மன்றம்தான். அந்த நன்மையை மறைக்கக் கூடாது. திருந்தாதவருக்குத் திருவிருந்து மறுக்கப்படும். விலக்கப்பட்டவர் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. அதற்கும் மேலே போனால் நகரசபைக்கு அனுப்புவார்கள், அங்கே அபராதமும் சிறையும் உண்டு.

இந்த அமைப்பு தனிமனிதன் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்கு ஒரு வழக்கு. 1546 ஆகஸ்டில் ஆமி ஷாப்வி என்ற நாவிதர் தம் மகனுக்குக் க்ளோத் என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தார். அது அந்த வட்டாரத்துப் புனிதர் ஒருவரின் பெயர். அங்கே சாதாரணமாக வழங்கியது. போதகர் தகப்பனைக் கேட்காமலே ‘ஆபிரகாம்’ என்று சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டார். இது ஞானஸ்நானமே இல்லை, என் மகன் வளர்ந்து தன் பெயரைத் தானே சொல்லும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லித் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். ஆலயத்துக்குள் கூச்சல். சிறைக்குப் போனது தகப்பன்தான். அதே நவம்பரில் தடைசெய்யப்பட்ட பெயர்களுக்குப் பட்டியலே வந்தது. அத்தனை ஜெனீவாக்காரர்களின் தாத்தா பெயரை விக்கிரக ஆராதனை என்று வெளியூரிலிருந்து வந்த போதகர்கள் தீர்மானித்தார்கள். பத்தாண்டுக் கசப்பின் வேர்களில் ஒன்று அது.

மலையிறங்கினால் பஸ்தியோன் பூங்கா. சுமார் 100 மீட்டர் நீளச் சுவரில் சீர்திருத்தத் தலைவர்கள் ஃபாரல், கால்வின், பேஸா, நாக்ஸ் ஐந்து மீட்டர் உயரத்தில் நிற்கிறார்கள். வலப்பக்கம் மெதுவாக நடங்கள். ரோஜர் வில்லியம்ஸ் அங்கே இருக்கிறார். வேதத்தின்படி ஆள்வதாகச் சொன்ன, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பியூரிட்டன் (கடுஞ்சீர்திருத்த ஆங்கிலேயர்) அரசு 1635-இல் நாடுகடத்தியது இவரைத்தான். மனச்சாட்சி விஷயத்தில் அரசுக்கு வேலையில்லை என்று அவர் நிறுவிய ஊர் பிராவிடன்ஸ். அவருக்குப் பக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல். ஒரே சுவரில் கால்வினும் வில்லியம்ஸும் நிற்பதால் இருவரும் ஒரே வழியில் போனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வில்லியம்ஸ் கேட்ட சுதந்தரம், கால்வினின் மன்றத்தைக் கலைத்தால்தான் கிடைக்கும்.

நான்காம் நாள்: ஷாம்பெல்

லேமான் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஷாம்பெல் நிலையத்தில் இறங்கி, மருத்துவமனை வளாகத்தை நோக்கிக் கீழே நடந்தால் தெரு முனையில் மரங்களுக்கு நடுவே ஒரு பாறை. மிகுவேல் செர்வேட்டஸ் 1553 அக்டோபர் 27 அன்று எரிக்கப்பட்டதன் நினைவுக்கல். ஒரு பக்கத்தில் பிறப்பும் இறப்பும் மட்டும். மறுபக்கம் சுற்றிப் போய்ப் படிக்க வேண்டும்: 1903-இல் இதை நட்டவர்கள் தங்களைக் கால்வினின் நன்றியுள்ள பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, ‘அவருடைய நூற்றாண்டின் பிழை’யைக் கண்டிக்கிறார்கள். நல்ல மனது. ஆனால் பழியை நூற்றாண்டின் தலையில் கட்டுவது சரியா என்று வழக்கின் போக்கைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

செர்வேட்டஸ் ஸ்பானிய மருத்துவர். இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றுவதை எழுதியவர். திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்தவர். ‘அவன் இங்கு வந்தால் உயிரோடு போக விடமாட்டேன்’ என்று கால்வின் 1546-இலேயே ஃபாரலுக்கு எழுதியிருந்தார். 1553-இல் பிரான்சின் வியன் நகரில் கத்தோலிக்க விசாரணையாளர்கள் செர்வேட்டஸைப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சான்றாகப் போன கடிதங்கள் ஜெனீவாவிலிருந்து, கால்வினின் கோப்பிலிருந்து போனவை. தப்பியோடியவர் ஆகஸ்ட் 13 அன்று ஜெனீவாவில் ஆராதனைக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டார்.

ஜெனீவா சட்டப்படி குற்றம் சாட்டுகிறவனும் கூடவே சிறைக்குப் போக வேண்டும். அதனால் புகார் கொடுத்தவர் கால்வினின் எழுத்தர். பிறகு அரசு வழக்கறிஞர் வழக்கை எடுத்துக்கொண்டார். குற்றச்சாட்டைத் தயாரித்தவர் கால்வின். தீர்ப்பு சொன்னது நகரசபை, அதிலும் கால்வினுக்கு எதிரானவர்கள் செல்வாக்கோடு இருந்த நகரசபை. அவர்கள் பொறுப்பைப் பங்குபோட சூரிக், பெர்ன், பாசெல், ஷாஃப்ஹவுசன் சபைகளிடம் கருத்துக் கேட்டார்கள். எல்லாரும் செர்வேட்டஸைக் கண்டித்தார்கள், தண்டனையை ஜெனீவாவின் விவேகத்துக்கு விட்டார்கள். கால்வின் கடைசியில் நெருப்பு வேண்டாம், வாளால் முடியுங்கள் என்று கேட்டார். நகரசபை கேட்கவில்லை.

சபையும் அரசும் பின்னிக்கொண்டால் நடப்பது இதுதான். போதகர் ‘நான் கருத்துதான் சொன்னேன்’ என்பார், நகரசபையார் ‘போதகர்கள் சொன்னபடி செய்தோம்’ என்பார்கள், அண்டை ஊர்க்காரர் ‘நாங்கள் தண்டனையைச் சொல்லவேயில்லை’ என்பார்கள். ஒரு மனிதன் எரிந்து சாம்பலாவான், எரித்த கை யாருடையது என்று தேட வேண்டியிருக்கும். சாத்தான் மலையுச்சியில் ‘இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன்’ என்று நீட்டியதை இயேசு ஏன் தொடவில்லை என்பதற்கு இந்தத் தெரு முனையைவிட நல்ல விரிவுரை எனக்குத் தெரியாது.

அதே இடத்தில் செர்வேட்டஸின் சிலையும் உண்டு. சிறையில் கந்தல் உடுத்தி உட்கார்ந்த கோலம். 2011-இல்தான் இந்த ஊர் அதற்கு இடம் கொடுத்தது.

ஐந்தாம் நாள்: பாசெல்

ஏறக்குறைய மூன்று மணி நேர ரயில். செயின்ட் ஆல்பன் பள்ளத்தாக்கிலுள்ள காகித ஆலை அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். காகிதம் வார்ப்பதையும் ஈய எழுத்துக் கோப்பதையும் கையால் செய்து பார்க்கலாம். 1554-இல் ஒரு புத்தகத்தை ரகசியமாக அச்சிடுவது என்ன வேலை என்பது அப்போது விளங்கும்.

செபஸ்தியான் கஸ்தேலியோ ஒரு காலத்தில் ஜெனீவாவில் கால்வினின் பள்ளித் தலைவர். உன்னதப்பாட்டு பற்றிய கருத்து வேறுபாட்டால் போதகர் பதவி மறுக்கப்பட்டுப் பாசெல் வந்தார். இங்கே ஒபோரினுஸ் அச்சகத்தில் பிழை திருத்தினார். வெள்ளத்தில் ரைன் ஆற்றில் மிதந்துவரும் கட்டைகளைக் கொக்கியால் இழுத்து வீட்டு அடுப்புக்குச் சேர்த்தார். பின்னாளில் கால்வின் அதையே விறகுத் திருட்டு என்று எழுதினார்.

செர்வேட்டஸ் எரிந்து ஐந்து மாதத்தில், மார்ட்டின் பெல்லியுஸ் என்ற புனைபெயரில், மாக்டெபுர்க் என்று பொய்யான அச்சிட்ட இடம் போட்டு, ‘மதமறுப்பாளரைத் துன்புறுத்தலாமா’ என்ற நூல் இங்கிருந்து வெளிவந்தது. அதிலுள்ள ஒரு வாதம் பயணிக்கே உரியது: மதமறுப்பாளன் என்பவன் யார் என்று தேடிப் பார்த்தேன், நம்மோடு ஒத்துப்போகாதவனைத்தான் அப்படி அழைக்கிறோம்; ஒரு ஊரில் விசுவாசியாக இருப்பவன் அடுத்த ஊரில் மதமறுப்பாளன்; உயிர்வாழ வேண்டுமானால் நாடுதோறும் நாணயம் மாற்றுவதுபோல் ஊர்தோறும் விசுவாசத்தை மாற்ற வேண்டும். களையையும் கோதுமையையும் ‘அறுப்புமட்டும் இரண்டையும் வளர விடுங்கள்’ என்ற மத்தேயு 13-ஆம் அதிகார உவமை நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது.

அதே ஆண்டு கால்வினுக்கு எழுதிய மறுப்பில்தான் அந்தப் பெயர்பெற்ற வாக்கியம்: ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது மனிதனைக் கொல்வதே. தணிக்கைக்குப் பயந்து அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1612-இல் ஹாலந்தில்தான் அச்சேறியது. நாத்திகர்களை என்ன செய்வது என்ற இடத்தில் கஸ்தேலியோவும் தடுமாறுகிறார், அதையும் படிக்க வேண்டும். 1563 டிசம்பரில், மதமறுப்பு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே 48 வயதில் இறந்தார்.

மியூன்ஸ்டர் பேராலயத்தில் அறிஞர் எராஸ்மஸின் கல்லறை பார்த்தவர்கள் இந்த ஊரைச் சகிப்பின் நகரம் என்று நினைப்பார்கள். வேறு பெயரில் இங்கே செல்வந்தராக வாழ்ந்து இறந்த டேவிட் யோரிஸ் அனபாப்டிஸ்ட் தலைவர் என்று தெரிந்தபோது, புதைத்த உடலைத் தோண்டி 1559-இல் எரித்ததும் பாசெல்தான்.

ஆறாம் நாள்: ட்ராக்ஸல்வால்ட்

பெர்னிலிருந்து பூர்க்டோர்ஃப் வழியாகச் சுமிஸ்வால்ட் போய், அங்கிருந்து நடை. குன்றின் மேல் கோட்டை. கோபுரத்துக்குள் மரச் சிறைக்கூண்டுகள் அப்படியே இருக்கின்றன. பெர்ன் அரசு அனபாப்டிஸ்டுகளை இங்கே அடைத்தது. அவர்கள் சத்தியப்பிரமாணம் செய்யமாட்டார்கள், ஆயுதம் எடுக்கமாட்டார்கள். அரசுக்கு இரண்டும் வேண்டும். 1659-இல் இதற்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். பிடித்துக்கொடுக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். 1711-இல் படகுகளில் ஏற்றி ஹாலந்துக்கு அனுப்பினார்கள். இந்த வட்டாரமான எம்மென்டாலின் பண்ணைகளில் ஒளிவிடங்கள் இன்னும் இருக்கின்றன. மறைத்துக் காத்தவர்களில் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அண்டை வீட்டாரும் உண்டு.

ஏழாம் நாள்: பெர்ன்

ஆய்ரோபாபிளாட்ஸ் நிலையத்தின் அருகே சமயங்களின் இல்லம், 2014 டிசம்பரில் திறந்தது. ஒரே கட்டடத்தில் தேவாலயம், பள்ளிவாசல், பௌத்த மண்டபம், நம் மக்களின் ஞானலிங்கேச்சுரர் கோயில். ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர்கள் தமிழில் வழிபாடு நடத்தும் இடம் அது.

சுவிஸ் அரசமைப்பு 1874-இல்தான் எல்லாருக்கும் முழு வழிபாட்டு உரிமை தந்தது. 1907-இல் ஜெனீவா மக்கள் வாக்களித்துச் சபையை அரசிலிருந்து பிரித்தார்கள், கால்வின் ஊரிலேயே. பெர்ன் அப்படிச் செய்யவில்லை. 2019 முடியும்வரை இங்கே அங்கீகாரம் பெற்ற சபைகளின் போதகர்கள் மாநில ஊழியர்கள். இப்போதும் அந்தச் சபைகளின் உறுப்பினரிடம் அரசே வரி வசூலிக்கிறது. விருப்பமில்லாதவர் விலகிவிடலாம், வரி நின்றுவிடும். ஆனால் நிறுவனங்களும் சபை வரி கட்டுகின்றன, நிறுவனம் விலக முடியாது. ஒரு சைவத் தமிழர் இந்த ஊரில் மளிகைக் கடையை நிறுவனமாகப் பதிவு செய்து இலாபம் ஈட்டினால், அந்த இலாபத்தில் ஒரு பங்கு கிறிஸ்தவ சபைகளுக்குப் போகும். அவர் கோயிலுக்கு அந்த வழியில் எதுவும் வராது.

சூரிக்கிலும் இதே வரி உண்டு. அதை நீக்கும் கோரிக்கையை 2014 மேயில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அந்தப் பணத்தில் முதியோர் சேவையும் அகதிகள் உதவியும் நடக்கின்றன என்பது சபைகளின் வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் விசுவாசியாத ஒருவரின் பணத்தை அரசின் கையால் எடுத்துச் செய்யும் ஊழியத்தைச் சபை தானாகவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை, ஒரு சினோடு (சபையின் பேரவை) தீர்மானம் போட்டு அந்தத் தொகை வேண்டாம் என்று மாநில அரசிடம் சொல்லத் தொடங்கலாம்.